கோயில் கிணற்றில் தொங்கிய பெட்டி

சுகிர்தனைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் உடைத்த சாமான்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். என்னுடைய கதிரை இரண்டு, அவனுடைய போன் நாலு, பளையிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் தலைக்கவசம். இவை எனக்குத் தெரிந்தவை. ஒட்டுசுட்டான் சந்தியில் அவன் போன் திருத்தும் கடையும் நான் நீரிறைக்கும் மோட்டர் திருத்தும் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. இடையில் ஒரு பலகைத் தட்டி மட்டும். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் தட்டி அதிரும். பிறகு ஏதாவது விழுந்து நொறுங்கும். கொஞ்ச நேரம் கழித்து, "ஏரம்பண்ணை, தும்புத்தடியை ஒருக்காத் தாங்கோ" என்று குரல் வரும்.

நான் விளக்குமாற்றைக் கொடுப்பேன். எனக்கும் கோபம் குறைவில்லை. ஆனால் நான் அதை வாயால் செலவழிக்கிறவன். அப்படித்தான் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து, எங்கள் நாவலடிமோட்டையில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவனுடையது. வந்த இடத்திலும் அடி ஓயவில்லை. கடைசிச் சண்டையில் அவனுக்குப் பதினாலு வயது. முதுகில் ஒரு எறிகணைத் துண்டு ஏறியது. இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மழைக்குக் கடுக்கும். அதைப் பற்றி யாராவது பரிதாபமாக விசாரித்தால் விசாரித்தவனுக்குத்தான் ஆபத்து.

அவனுடைய அப்பா பழனியாண்டி நெல் விதைத்தவர். ஐம்பத்திரண்டு வயதில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்கு பஸ்ஸில் கொண்டுபோவான். அந்த நோய் உள்ளவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். வைகாசி வெயிலில் அந்த மனிதர் மகனிடம் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார், தூஷணத்தால் ஏசினார். ஒருநாள் செம்பைப் பறிக்கப் போய் மகனின் மணிக்கட்டைக் கடித்து இரத்தம் வரப்பண்ணினார். சுகிர்தன் செம்பை விடவில்லை. மூன்றாம் நாள் அவர் செத்துப்போனார். எங்கள் ஊரில் அதே சிறுநீரக வருத்தத்தில் போன ஏழாவது ஆள் அவர். எதனால் வருகிறதென்று ஒருவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தண்ணீராக இருக்கலாம் என்றார்கள். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைத்தான் சுகிர்தனால் தாங்க முடியவில்லை.

செத்தவீடு முடிந்து ஒரு மாதமிருக்கும். வடிகட்டும் மெசின் விற்கிற ஒருவன் ஊருக்கு வந்து பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கடை பரப்பினான். ஒரு கிளாசில் கோயில் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் அவனுடைய மெசின் வடித்த தண்ணீர். இரண்டுக்குள்ளும் கரண்ட் கம்பிகளை விட்டான். கிணற்றுத் தண்ணீர் மண்ணிறமாகி, கறுத்து, சேறாகிவிட்டது. மெசின் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "இந்தச் சேத்தைத்தான் நீங்கள் பிள்ளையளுக்குப் பருக்கிறீங்கள்" என்றான்.

சுகிர்தன் எழும்பிப் போய் மடைப்பள்ளியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து மெசின் தண்ணீரில் போட்டான். கம்பியை விட்டான். அதுவும் கறுத்தது.

"கறுக்கிறது தண்ணி இல்லை, இவன்ர கம்பி. உப்பு இருந்தால் கரண்ட் ஓடும். கரண்ட் ஓடினால் கம்பி கரையும். அவ்வளவுதான் வித்தை" என்று சனத்துக்கு விளங்கப்படுத்தினான். அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் அவனுக்கு மாலை போட்டிருப்போம். அவன் மெசினைத் தூக்கிப் படிக்கட்டில் அடித்தான். தடுக்க வந்தவனின் மூக்கு உடைந்தது. பொலிசில் அவனுக்காக மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகுதான் பெட்டி செய்கிற வேலையில் இறங்கினான். ஏதோ நாட்டு மாணவர்கள் தாங்கள் செய்த தண்ணீர் பார்க்கும் கருவியின் படங்களையும் கணினிக் கட்டளைகளையும் இணையத்தில் சும்மா போட்டிருந்தார்கள். யாரும் எடுத்துச் செய்யலாம், விருப்பப்படி மாற்றலாம். ஒரே நிபந்தனை, மாற்றினால் அந்த மாற்றத்தையும் எல்லாருக்கும் காட்ட வேண்டும். என்னிடம் வெட்டி எஞ்சிய நாலங்குல பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகளை வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மின்சுற்று, பழைய போன் பற்றரி, ஒரு சிம் வைத்தான். மேலே விளையாட்டுச் சாமான் அளவில் ஒரு சோலார் தகடு. அடியில் தண்ணீருக்குள் தொங்கும் இரண்டு உருக்கு ஊசிகள். கடையில் விற்கும் மீற்றரின் விலைக்கு அவன் பதினைந்து பெட்டி செய்வான்.

அளவு சரிபார்க்கிற திரவம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அவன் மருந்துக் கடையில் சேலைன் போத்தல் வாங்கினான். அதில் எவ்வளவு உப்பென்று வெளியே எழுதியிருக்கிறதே. பற்றரிக்கு விடுகிற தண்ணீரில் அதை மருந்தேற்றும் ஊசியால் அளந்து கலந்து, பெட்டியை முக்கி, எண் சரிவரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். அந்த ஒரு வேலையில் மட்டும் அவன் எதையும் உடைத்து நான் பார்க்கவில்லை.

பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடினவா, குறைந்தனவா என்று ஓர் எண்ணாகச் சொல்லும். என்ன கரைந்தது, யார் கரைத்தது என்று சொல்லாது. முதல் பெட்டியைக் கோயில் கிணற்றில் தொங்கவிட்ட அன்று சுகிர்தன் இதை எல்லாருக்கும் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் 'நஞ்சு பிடிக்கிற பெட்டி' என்று சொன்னார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் திருத்தவில்லை. அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கோயில் கிணறுதான் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு. முக்கால்வாசி வீடுகள் அதைத்தான் குடித்தன. அதன் எண் எப்போதும் அறுநூற்று நாற்பதை ஒட்டியே நிற்கும். திடீரென்று ஏறினால் 'நாவலடித் தண்ணி' என்ற வட்ஸ்அப் குறூப்புக்குத் தானாகவே செய்தி போகும். "உனக்கு மட்டும் வாற மாதிரிச் செய்யன்ரா, சனத்தைக் குழப்பாமல்" என்று நான் சொன்னேன். "எண்ணை ஒளிச்சு வைச்சால் நானும் அந்த மெசின்காரனும் ஒண்டுதான் அண்ணை" என்றான்.

ஆவணி மாதம் குளம் வற்றிவிட்டது. கோயில் கிணற்றில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் குறூப்பில் செய்தி வந்தது: ஆயிரத்து நூற்றிருபது. பின்னேரம் வரை சனம் அள்ள அள்ள, ஊற்று ஊற ஊற, எண் மெல்ல இறங்கிவிட்டது. அடுத்த வெள்ளியும் அதே நேரம் ஏறியது. அதற்கடுத்த வெள்ளியும் ஏறியது. தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறதென்று சிலர் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றார்கள். ஏழு பேருக்குக் கொள்ளி வைத்த ஊரில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாலாம் வெள்ளிக்கு முதல்நாள் ஒருவன் குறூப்பில் ஒரு படம் போட்டான். கோயில் கிணற்றடியில் கச்சு முகம்மது நிற்கிறார். பக்கத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள். அதன் பின்னால் மருந்தடிக்கும் தாங்கி கட்டியிருக்கிறது.

கச்சு நானா என்று நாங்கள் கூப்பிடும் அவரை எல்லாருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, எங்கள் ஊருக்கு அப்பால் நாலு ஏக்கரில் உழுந்தும் கச்சான் கடலையும் போடுகிறவர். அறுபது வயது. வெள்ளிக்கிழமை வயலிலிருந்து நேராக முள்ளியவளைப் பக்கம் பள்ளிக்குத் தொழப் போவார். வழியில் தண்ணீர் உள்ள இடம் எங்கள் கோயில் கிணறு மட்டும். அங்கே நின்று ஒரு வாளி அள்ளி, ஒதுக்குப்புறமாக இருந்து கைகால் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, ஒளு எடுத்துக்கொண்டு போவார். ஆறேழு வருடமாக அப்படித்தான். ஐயர் இருந்தால் ஐயரோடும் இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவார்.

அந்தப் படம் வந்த பிறகு அவர் ஆறேழு வருடம் செய்தது எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் வேறொன்றாகிவிட்டது. 'வெள்ளிக்கிழமை மட்டும் ஏன்?' என்று ஒருவன் கேட்டான். 'தாங்கிக்குள்ள என்ன?' என்றான் இன்னொருவன். 'காணிக்குத்தான் இந்த வேலை. எங்களைக் கிளப்பிப்போட்டுப் பிடிக்கப் பார்க்கினம்' என்று கோயில் தர்மகர்த்தா நடராசர் குரல் பதிவு போட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. என்ன எழுதினேன் என்பதை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை கூசுகிறது.

எல்லாரும் சுகிர்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் நெடுநேரம் போனை வைத்துக்கொண்டு இருந்தான். 'என்ன கரைந்தது என்று பெட்டி சொல்லாது' என்ற ஒரு வரியை அவன் எழுதியிருந்தால் போதும். அவன் எழுதியது வேறு. 'ஓம். நாலு கிழமையா நானும் பார்க்கிறன். வெள்ளி பன்னிரண்டரைக்குத்தான் ஏறுது. என்ர அப்பாவைக் கொன்றவனை நான் கையால பிடிக்கிறன்.'

நாலு கிழமை அல்ல, மூன்று. அதைக்கூட ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கே நாங்கள் பதினொரு பேர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மதகுக்குக் கீழே குந்தியிருந்தோம். யாருடைய போனாவது அடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடும் என்று நடராசர் எல்லாப் போனையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். பூசை மணி அடித்தது. பெண்கள் வந்தார்கள், கோயிலையும் கிணற்றையும் சுற்றினார்கள், போனார்கள். பெண்களை யார் பார்த்துக்கொண்டிருந்தது? எங்கள் கண்ணெல்லாம் ரோட்டில்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கச்சு நானா இறங்கி, செருப்பைக் கழற்றி, வாளியைக் கிணற்றில் விட்டார். அவர் வாளியை இழுத்து எடுக்கும்போது நாங்கள் சுற்றி நின்றோம். முகத்தில் பயம் இருக்கவில்லை. "என்ன தம்பிமார், கிணறு இறைக்கப் போறீங்களோ? நானும் ஒரு கை பிடிக்கிறன்" என்றார்.

சுகிர்தன் அவருடைய சேட்டைப் பிடித்தான். "என்னத்தைப் போட்டனீ?"

"எதை மகன்?"

முதல் அடி சுகிர்தனுடையது. வாயில். அதற்குப் பிறகு யார் அடி எது என்று பிரிக்க முடியாது. அவர் தாங்கியைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். ஒருவன் தாங்கியைத் திறந்து கவிழ்த்தான். அது வெறும் தாங்கி. வெறுந்தாங்கி என்றால் உள்ளே இருந்ததைக் கிணற்றில் ஊற்றிவிட்டான் என்றுதானே அர்த்தம், அப்படித்தான் எங்கள் மூளை ஓடியது. "போட்டதை அவனையே குடிக்கப் பண்ணுங்கோ" என்று பின்னாலிருந்து நடராசரின் குரல் வந்தது. இரண்டு பேர் அவரை முழங்காலில் இருத்தினார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்து அண்ணாக்க வைத்தான். வாளி என் கையில் இருந்தது.

அவர் குடித்தார். மறுக்கவே இல்லை. நஞ்சு போட்டவன் இப்படிக் குடிப்பானா என்று பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருமினார், ஏதோ சொன்னார். நான் திரும்பவும் வாளியைச் சரித்தேன். மூக்காலும் வாயாலும் தண்ணீர் வந்தது, அதோடு இரத்தமும் வந்தது. அவர் கையை உதறிக்கொண்டு எழும்பப் பார்த்தார். என் இடுப்பில் ஒரு துண்டு குழாய் செருகியிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அடிக்கத்தான் கொண்டுபோனேன். இடது காதடியில் அடித்தேன். சுகிர்தன் அவரைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் மோதினான். மண்டை சீமெந்தில் படும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒருவரும் அடிக்கவில்லை. எல்லாரும் ஓடினோம்.

அம்புலன்சுக்கு அடித்தது ஐயர். முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அவருக்கு நினைவு திரும்பவில்லை. பொலிஸ் வந்தது. அடித்தவர்கள் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அடிபட்டவர் நஞ்சு போட்டது எல்லாருக்கும் தெரியும். நடராசர் அப்படியே முறைப்பாடு எழுதிக்கொடுத்து, குறூப்பில் வந்த எண்களைப் படம் பிடித்துச் சாட்சியாகவும் கொடுத்தார். தண்ணீர் மாதிரி எடுத்துக் கொண்டுபோனார்கள். அதற்கு முடிவு வர மாதக் கணக்காகும். அதுவரை, நினைவில்லாமல் கிடந்த மனிதர் கட்டிலடியில் பொலிஸ்காரன் காவலிருக்க, நஞ்சு போட்டவராகவே கிடந்தார்.

ஐந்தாம் வெள்ளி. நாங்கள் இரண்டு பேரும் கடையில் இருந்தோம். அந்தக் கிழமை முழுக்க ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. ஆயிரத்து நூற்றைம்பது.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது. "அவர் ஆஸ்பத்திரியிலயல்லோ அண்ணை" என்றான். மோட்டார் சைக்கிளில் ஏறி இருவரும் போனோம். மூன்று கட்டைத் தூரம். கிணற்றடியில் பூசை முடித்த பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கட்டுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள் நிசாந்தினி, சுகிர்தனின் மனைவி. அவளுடைய காலடியில் ஒரு வெறும் பை கிடந்தது. கல்லுப்புப் பை.

"என்ன இது?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இண்டையோட முடிஞ்சுது, இனிச் சொல்லலாம். உங்கட கை மருவுக்குத்தான். ஐஞ்சு வெள்ளி, வெள்ளிக்கு ஒரு கொத்து அளந்து உப்பு. உப்புக் கரையிற மாதிரி மருவும் கரைஞ்சுபோகுமெண்டு மாமி சொன்னவா. நேர்த்தி முடியுமட்டும் ஆருக்கும் வாய் திறக்கக்கூடாது."

அவனுடைய வலது கை விரல்களில் ஆறு மரு இருந்தது உண்மை. ஈயம் பற்றவைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று ஏசிக்கொண்டிருப்பான். அவர்களுடைய பழைய தோட்டத்துக் கோயிலில் உப்புக் கரைப்பதற்கென்றே ஒரு கேணி இருந்ததாம். இங்கே குளம் வற்றிக் கிடந்ததால் அவள் கோயில் தண்ணீர் என்று கிணற்றில் போட்டிருக்கிறாள்.

"ஊரே நஞ்செண்டு கத்தேக்கயும் உனக்குத் தெரியேல்லையோடி?" அவன் குரல் கீச்சிட்டது.

அவள் விளங்காமல் எங்களைப் பார்த்தாள். "உங்கட பெட்டி நஞ்சைத்தானே பிடிக்கும். உப்பையுமோ?"

சுகிர்தன் கையை ஓங்கினான். அவள் தலையைக் குனிந்தாள். அவன் அவளை அடிக்கவில்லை. அந்தக் கையைக் கிணற்றுக் கட்டில் அடித்தான், ஒரு தரம் அல்ல, எலும்பு உடையும் மட்டும் அடித்தான். நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து நிலத்தில் விழுத்த வேண்டியிருந்தது.

அன்று பின்னேரமே நடராசர் வீட்டில் பதினொரு பேரும் கூடினோம். அவருக்கு விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முடிவு தயாராக இருந்தது.

"உப்பெண்டு வெளிக்கிட்டால் உன்ர மனுசியை முதல் இழுப்பினம். பிறகு நீ. பிறகு நாங்கள் எல்லாரும். அந்த மனுசன் பிழைக்கப் போறதில்லை. பெட்டியைக் கழட்டி எறி, குறூப்பை அழி. தண்ணி தெளிஞ்சிட்டுது, கதை முடிஞ்சுது" என்றார்.

"அவர் செத்தால் நஞ்சு போட்டவராத்தானே ஐயா சாவார்" என்றான் சுகிர்தன். துணி சுற்றிய கை மடியில் கிடந்தது. "அவருக்கு ஒரு மகள் இருக்கு. நஞ்சு போட்டவன்ர மகளெண்டுதானே அதை ஆக்கள் சொல்லுவினம்."

"அதுக்கு?"

"நான் அழிக்கமாட்டன். அவரை அடிச்ச அண்டைக்குப் பெட்டி பன்னிரண்டு இருபத்திநாலுக்கு ஏறியிருக்கு. அவர் வந்திறங்கினது பன்னிரண்டரைக்குப் பிறகு. பெட்டி சரியாத்தான் சொன்னது, நாங்கள்தான் போனை நிப்பாட்டி வைச்சிருந்தனாங்கள். இதை நான் பொலிசில காட்டுவன்."

அவனை அங்கேயே அடித்தார்கள். ஒரு கிழமைக்கு முன் தோளோடு தோள் நின்று அடித்த அதே ஆட்கள். விறகுக் கட்டையால் முகத்தில் போட்டார்கள், முன்பல் இரண்டு போயிற்று. உடைந்த கையை மிதித்தார்கள். அவன் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. கதிரை உடைக்கிற சுகிர்தன், மெசின்காரன் மூக்கை உடைத்த சுகிர்தன், நிலத்தில் சுருண்டு கிடந்து வாங்கினான். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கதவடியில் நின்றேன். அடிக்கவுமில்லை, மறிக்கவுமில்லை. அன்று இரவோடிரவாக அவனுடைய கடையையும் உடைத்து, செய்து அடுக்கியிருந்த பெட்டிகளை எல்லாம் நசுக்கிப்போட்டார்கள். கோயில் கிணற்றுப் பெட்டியையும் கல்லால் குத்தினார்கள். எண்கள் பெட்டிக்குள் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். அவன் அவற்றை முதல் நாளிலிருந்தே இணையத்தில் போட்டுவந்தான், அந்த மாணவர்களின் நிபந்தனைப்படி, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில்.

காலையில் வீங்கிய முகத்தோடு அவன் பொலிசுக்குப் போனான். எண்களையும் நேரங்களையும் காட்டினான். உப்பு என்றான். நிசாந்தினியையும் கூட்டிப்போய் அவள் வாயாலேயே சொல்லவைத்தான். தான் அடித்ததைச் சொன்னான். கூட யார் என்று கேட்டதற்கு, "நான் என்ர பேரைத்தான் சொல்லலாம் சேர். மற்றவை தங்கட பேரைத் தாங்கள் வந்து சொல்லுவினம்" என்று எழுதுவித்தான். பொலிசிலும் அதற்கு அடி விழுந்திருக்கும், அவன் சொல்லவில்லை. விளக்கமறியலில் போட்டார்கள். மற்றப் பத்துப் பேரில் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. கடை திறந்தேன், மோட்டர் திருத்தினேன், சோறு தின்றேன்.

மூன்று கிழமை கழித்து அவனைப் பார்க்க வவுனியா மறியலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான். கச்சு நானாவுக்கு நினைவு திரும்பிவிட்டது, கட்டிலடிக் காவலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். நிசாந்தினியைப் பற்றிக் கேட்டான்.

"ஏரம்பண்ணை, நீங்கள் வாளியைச் சரிக்கேக்க அவர் ஏதோ சொன்னவர். எனக்கு இவங்கள் கத்தின கத்தில கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அதுதான் தலைக்குள்ள ஓடுது. நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். என்ன சொன்னவர்?"

"எனக்கும் கேக்கேல்லையடா" என்றேன்.

அவன் நம்பினான். அதுதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். "பரவாயில்லை அண்ணை, பத்திரமாப் போங்கோ, யானை நடமாட்டமாம், இருட்டமுதல் போயிடுங்கோ" என்றான். மறியலுக்கு வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் போகத்தான் நடந்தேன். கால் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று.

கச்சு நானா ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தலை முழுக்கத் துணி. ஒரு கண் இன்னும் மூடித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவருடைய மகள் றிம்ஸியா ஒரு கதிரையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கம், அவருடைய இடதுபுறம் போய் நின்றேன். எப்படித் தொடங்குவதென்று யோசித்தால் திரும்பி ஓடிவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் யோசிக்காமல் சொன்னேன்.

"நானா, நான் ஏரம்பு. வாளியைப் பிடிச்சனான் நான்தான். குழாயால அடிச்சனானும் நான்தான். தண்ணியை வாயில வைச்ச உடன நீங்கள் 'உப்பு, தம்பி, இது உப்பு' எண்டு சொன்னனீங்கள். இரண்டு தரம் சொன்னனீங்கள். எனக்கு வடிவாக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் திரும்பவும் ஊத்தினனான். கேட்டுக்கொண்டுதான் அடிச்சனான். நான் இப்ப பொலிசுக்குப் போறன். போகமுதல் உங்களுக்குச் சொல்லவேணும்."

அவர் முகட்டைப் பார்த்தபடியே கிடந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

றிம்ஸியா தோடம்பழத்தைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"வாப்பாவுக்கு அந்தக் காது போயிட்டுது. இஞ்சால வந்து சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, எழும்பித் தன் கதிரையைச் சுவரோடு இழுத்து வழி விட்டாள்.

நான் கட்டிலைச் சுற்றிப் போய், மற்றக் காதுக்குக் கிட்டக் குனிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.